ஆறாம் வரிசையில் கறுப்புத் துணி

இந்தக் கிழமை கறுப்பு ஓடர்.
மற்றவர்களுக்கு அது கண் கூசும் நூல், அவ்வளவுதான்.
எனக்கு, முழங்கையிலிருந்து உதிர்வதெல்லாம்
எழுத்தாகத் தெரியும் துணி.
நூற்று நாற்பது கழுத்துப்பட்டி தைத்து நிமிர
மடியில் ஒரு சிட்டிகை மா.
ஊதிவிடுகிறேன்.
பக்கத்து மெஷின் கௌசிகா
கதிரையை ஒரு சாண் தள்ளிப் போட்டது
காற்றாடிக்காகத்தான் என்று
அவளுக்காக நானே சொல்லிக்கொள்கிறேன்.

டென்மார்க்கிலிருந்து நிரூபா மச்சாள் பெட்டி அனுப்பினாள்.
சொக்கிலேட்டுக்கும் பிள்ளையின் சப்பாத்துக்கும் நடுவில்
மூன்று போத்தல்:
மீன் எண்ணெய், விற்றமின் டி, சிங்க்.
"பூச்சு மருந்தை விடு.
இது உள்ளுக்கிருந்து மாத்தும்."
உள்ளுக்கிருந்து.
அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது.

இரணைமடு வாய்க்கால் வற்றிக் கிடந்த மாதம்.
தகரத்துக்குக் கீழே போத்தலைத் திறந்தால்
குளிசைகள் ஒன்றோடொன்று ஒட்டி
தவளை முட்டைபோல் ஒரே கட்டி.
கத்தியால் பிரித்து விழுங்கினேன்.
ஏப்பம் பின்னேரம் வரை
பார்த்தறியாத ஒரு கடலின் மணம்.
மோட்டார்சைக்கிள் பெட்டியில் மீன் கொண்டுவரும்
அல்பிரட் அண்ணை படலையில் கோண் அடித்தார்.
"என்ன தங்கச்சி, இந்தக் கிழமையும் வேண்டாமோ?"
"வீட்டிலை மீன் கிடக்கு அண்ணை."
பொய்யில்லை.

இரண்டு மாதம்.
பூச்சு மருந்துக் குழாய் யன்னலில் காய்ந்தது.
காதுக்குப் பின்னால், தலைக்குள், தொப்புளைச் சுற்றி.
கண்ணிவெடி எடுக்கிறவர்கள்
ஒரு காணி முடிந்தது என்று கயிறு அவிழ்க்க
அடுத்த காணியில் சிவப்புத் தடி நடுவார்களே,
அப்படி.
இரவில் சொறிந்தது தெரியாது.
விடியப் படுக்கைவிரிப்பு சொல்லும்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை, துண்டு எண்பத்து மூன்று.
தமிழை எண்ணி எண்ணிப் பேசும் இளம் டொக்டர்
மூன்று போத்தலையும் திருப்பித் திருப்பி வாசித்தா.
"மீன் எண்ணெய் விரும்பினா எடுங்க.
சில பேருக்குக் கொஞ்சம் சுகம். கன பேருக்கு ஒண்டுமில்ல.
பூசுறத ஏன் விட்டீங்க?"
பதில் சொல்ல எனக்கும் சொற்களை எண்ணவேண்டியிருந்தது.

இரத்தம் எடுத்தார்கள்.
அடுத்த தவணையில் கடதாசியைப் பார்த்து
டொக்டர் பேனையை வைத்துவிட்டா.
விற்றமின் டி குறைவாம்.
பரந்தன் சந்தியில் தார் உருகுகிறது,
மாடுகள் நிழலுக்கு அடிபடுகின்றன,
எனக்கு வெயில் பற்றாக்குறை.
"மச்சாளின்ர குளிசை?" என்றேன்.
"அதில இருக்கிறது போதாது. நான் எழுதுறது கிழமைக்கு ஒண்டு.
கூட்டி எடுக்கக் கூடாது."
பிறகு என் சட்டையைப் பார்த்தா.
மணிக்கட்டு வரை கை. பொத்தான் பூட்டியபடி.
ஒன்பது வருடமாக.
விடிய ஐந்தரைக்குப் பஸ், இருண்ட பின் பஸ்,
நடுவில் ரியூப் லைற்.
அவ ஒன்றும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
இரண்டு நேரம் பூச்சு, ஆறு கிழமையால் வரவும் என்று
கொப்பியில் எழுதித் தந்தா.

ஞாயிறு காலை கொடியில் உடுப்புப் போடும்போது
ஒரு கையை மட்டும் மடித்துவிட்டேன்.
முழங்கை வரை. பிறகு அதற்கும் மேலே.
வெயில் அந்த இடத்தில் வந்து நின்றது,
அறிமுகமில்லாத ஆள் மாதிரி.
அந்த நேரம் பார்த்துக் கோண்.
இறக்கிவிட நேரமில்லை.
அல்பிரட் அண்ணை பார்த்தார். பார்க்காமல் எப்படி?
தராசைத் தூக்கினார்.
"சூடையோ, கீரியோ?"

அரைக்கிலோ சூடை வாங்கினேன்.
மீன் எண்ணெய்ப் போத்தலை எறியவில்லை.
மச்சாள் கேட்டால் எடுக்கிறேன் என்று சொல்லவாவது
காலையில் ஒன்று.
இதுவும் பொய்யில்லை.
முழங்கையில் கொஞ்சம் மெலிந்திருக்கிறது.
முழங்காலில் அப்படியே.

திங்கள் முதல் வெள்ளை ஓடராம்.
வெள்ளையில் ஒன்றும் தெரியாது.
அதற்குள் கௌசிகாவுக்குச் சொல்லிவிடவேணும்,
இந்தக் கறுப்பு முடிவதற்குள்,
தெரிகிறபோதே:
கதிரையைக் கிட்டப் போடு.
இது தொத்தாது.